விபூதி விரலும் ஊசி விரலும்

சட்டை போடாத வேலை என்னுடையது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் சிறிய சிவன் கோவில் ஒன்றில் நானும் என் தம்பியும் முறை வைத்துக்கொண்டு பூஜை செய்கிறோம். சாதாரண நாளில் பத்துப் பேர் வந்தால் அதிகம். பௌர்ணமி அன்று வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு மட்டும் இருவரும் சேர்ந்து நிற்போம்.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருஷமாகிறது. ஆரம்பத்தில் மாத்திரை, அப்புறம் இன்சுலின். வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வது எனக்கு ஒருநாளும் பெரிய கஷ்டமாக இருந்ததில்லை. விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பதுதான் கஷ்டம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு சொட்டு ரத்தம்தானே என்பார்கள். ஆனால் என் பிழைப்பே விரல் நுனியில்தான் நடக்கிறது. விபூதி எடுப்பது, குங்குமம் கொடுப்பது, பூவைக் கிள்ளி அர்ச்சனை செய்வது, எலுமிச்சம்பழத்தைப் பிழிவது, சூடான கற்பூரத் தட்டைப் பிடிப்பது. காலையில் குத்திய இடத்தில் குங்குமம் பட்டால் அரை மணி நேரம் காந்தும். எலுமிச்சைச் சாறு பட்டால் சொல்லவே வேண்டாம். நாள் முழுக்க ஈரத்தில் ஊறி விரல்தோல் வெடித்துக் கிடக்கும். அதிலேயே மறுபடி குத்த வேண்டும்.

நான் வைத்திருந்த ஊசியும் அப்படி. பிளாஸ்டிக் காம்பில் பொருத்திய, கையால் பிடித்துக் குத்துகிற தடித்த ஊசி. எவ்வளவு ஆழம் போகும் என்பது குத்துகிற வேகத்தைப் பொறுத்தது. பயந்து மெதுவாகக் குத்தினால் ரத்தம் வராது. வேகமாகக் குத்தினால் எலும்பு வரை வலிக்கும். ஸ்பிரிங் வைத்த கருவி ஒன்று இருக்கிறது, ஆழத்தை நாமே திருகி வைத்துக்கொள்ளலாம், வாங்குங்கோ என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நானும் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன்.

வலியோடு இன்னொரு விஷயமும் இருந்தது. கோவிலுக்குள் ரத்தம் சிந்தினால் தீட்டு. சுத்தி செய்யாமல் அடுத்த பூஜை கிடையாது. என்னைவிடத் தம்பி இதில் மிகவும் கறார். அதனால் கோவிலில் இருக்கும்போது நான் ரத்தம் பார்ப்பதே இல்லை. பௌர்ணமி மாதிரி நீண்ட நாளில் மட்டும் மீட்டரையும் இன்சுலின் பேனாவையும் ஒரு துணிப்பையில் போட்டு, மடப்பள்ளிக்குப் பின்னால், மதிலுக்கு வெளியே கிணற்றடியில் இருக்கும் மாடத்தில் வைத்துவிடுவேன். ஆத்திர அவசரத்துக்கு என்று வைப்பதுதான். எடுத்ததில்லை.

அந்த வருஷக் கோடையில் ஒரு பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. விடிந்ததிலிருந்தே கூட்டம். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி, மதியம் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. சாயங்காலம் அபிஷேகம் ஆரம்பித்தோம். பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம், இளநீர், சந்தனம் எல்லாம் நான்தான் செய்தேன். தம்பி மந்திரம் சொல்லி எடுத்துக் கொடுத்தான். அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்காகத் திரை போட்டதும் எனக்குத் தலை கனமாக இருந்தது. வெயில், பட்டினி, புகை, எதுவாகவும் இருக்கலாம். தம்பி அலங்காரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கிணற்றடிக்குப் போனேன். அபிஷேக நீரிலேயே நனைந்த கைதானே என்று, இடுப்பில் கட்டியிருந்த ஈரத்துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு குத்திக்கொண்டேன்.

மீட்டர் கிட்டத்தட்ட நானூறு காட்டியது.

அவ்வளவு உயரத்தில் என் சர்க்கரையை நான் பார்த்தே வருஷங்கள் ஆகியிருந்தன. சாப்பிடாமலே ஏறுகிறது என்றால் உள்ளே என்னவோ கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணா, சிறுநீரகமா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. மறுபடி ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஆனால் அந்த ஊசியை இன்னொரு விரலில் இறக்க மனம் வரவில்லை. பேனாவை எடுத்து, வழக்கமாகப் போடுவதைவிட அதிகமாகத் திருகி, வயிற்றில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அலங்காரம் முடிந்து திரையை விலக்கியதும் கூட்டம் ‘அரோகரா’ என்றது. அர்ச்சனை நீண்டுகொண்டே போனது. வேர்த்தது. கர்ப்பக்கிரகத்துக்குள் யாருக்குத்தான் வேர்க்காது? கை நடுங்கியது. நின்று நின்று களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நாமாவளியில் ஒரே நாமத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தம்பி பிற்பாடு சொன்னான். எனக்கு அது தெரியவில்லை. அடுத்த நாமம் நாக்கில் வராதது மட்டும் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியது, அது வராமல் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

தீபாராதனைத் தட்டை நான்தான் பிடித்திருந்தேன். மூன்றாவது சுற்று சுற்றும்போது தட்டு என் கையில் சரிந்தது. எரிகிற கற்பூரம் வழுக்கி, சுவாமிக்குச் சாத்தியிருந்த பட்டு வேஷ்டியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கீழே விழுந்தது. தம்பி வெறுங்காலால் அதை மிதித்து அணைத்தான். தட்டைப் பிடுங்கிக்கொண்டான். அடுத்த நொடியில் திரையை இழுத்துவிட்டான். வெளியே கூட்டம் சலசலக்க ஆரம்பித்தது.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதி என் நினைவு, பாதி தம்பி சொன்னது.

அவன் என்னை அக்குளில் கை கொடுத்துப் பக்க வாசல் வழியாகக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனான். துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார வைத்தான். நைவேத்தியத்துக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து வாய்க்கருகே கொண்டுவந்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

“சுகர் ஏறிடுத்து. நானூறு. இனிப்புக் குடுத்தியானா செத்துப்போயிடுவேன்” என்றேன்.

தம்பி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். பார்த்தால் சர்க்கரை இறங்கின ஆள் மாதிரி இருக்கிறது. மீட்டரோ ஏறியிருக்கிறது என்கிறது. அவனுக்கு இந்த வியாதியைப் பற்றி ரொம்பத் தெரியாது. கொடுத்தால் கொன்றுவிடுவோமோ, கொடுக்காவிட்டால் கொன்றுவிடுவோமோ என்று அந்த ஒரு நிமிஷம் தவித்திருக்கிறான். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டான். வருகிறோம், ஆனால் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். உடனே டவுனில் வீட்டிலிருந்த என் மனைவிக்குப் போட்டு, நான் சொன்ன நானூறைச் சொன்னான்.

அவள் பதறவில்லையாம். உடம்பு ஜில்லென்று இருக்கிறதா, வேர்க்கிறதா என்று கேட்டாள். இரண்டும் ஆமாம் என்றான். எப்போது ரத்தம் பார்த்தார் என்று கேட்டாள். அபிஷேகம் முடிந்த கையோடு என்றான்.

“அதான். தேனும் பஞ்சாமிர்தமும் தொட்ட கை. அந்தத் தித்திப்பைத்தான் மீட்டர் காட்டியிருக்கு. சோப்புப் போட்டு அலம்பிட்டு இன்னொரு விரல்ல குத்திப் பாரு. சீக்கிரம்.”

முந்தின வருஷம் மாம்பழம் நறுக்கிய கையோடு நான் ரத்தம் பார்த்தபோது மீட்டர் தாறுமாறாக ஏறிக் காட்டியிருக்கிறது. கையைக் கழுவிவிட்டுப் பார்த்தபோது பாதிதான் இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் மறக்கவில்லை.

பைக்குள் தம்பி தேடினான். புது ஊசி இரண்டுதான் இருந்தது. வாளியில் தண்ணீர் மொண்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு என் இடது கையைத் தேய்த்துக் கழுவினான். அவன் இதுவரை யாருக்கும் ஊசி குத்தியதில்லை. மடி வேஷ்டியோடு, பூஜை நடுவில், ரத்தத்தைத் தொடப்போகிறான். கொஞ்ச நேரம் ஊசியைப் பிடித்துக்கொண்டே இருந்தான் என்று நினைவிருக்கிறது. பிறகு என் நடுவிரலின் நட்ட நடுவில் குத்தினான். காய்த்துப்போன தோல். ரத்தம் வரவில்லை. அமுக்கினான், பிசைந்தான், வரவில்லை. எனக்கு வலித்ததா என்று தெரியவில்லை. கையை இழுத்துக்கொண்டு அவனைத் திட்டினேன் என்பது மட்டும் தெரியும். இரண்டாவது ஊசியைச் சுண்டுவிரலின் பக்கவாட்டில் ஏற்றினான். கடுகளவு ரத்தம் வந்தது. மீட்டரில் செருகிய பட்டையில் வைத்தான். போதவில்லை என்று மீட்டர் பிழை காட்டியது. பட்டை வீணாயிற்று. கையைத் தொங்கவிட்டு, அடியிலிருந்து நுனிக்கு உருவிவிட்டு, அதே துவாரத்திலிருந்து இன்னொரு சொட்டு வரவழைத்துப் புதுப் பட்டையில் ஏற்றினான். அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ சத்தம் போட்டுக் கேட்டார்கள்.

“சாமி, எம்மாம் நேரமா நிக்கிறோம், திரைய எப்பத்தான் தொறப்பீங்க?”

மீட்டர் நாற்பத்துச் சொச்சம் காட்டியது.

தம்பி மடப்பள்ளிக்கு ஓடிப் போய் ஒரு சொம்புத் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தான். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என் மேல் குரல் உயர்த்தாத தம்பி அவன்.

“வாயைத் தொற அண்ணா. தொறக்கலேன்னா உன்ன இங்கயே கட்டிப் போட்டு ஊத்துவேன்.”

திறந்தேன். பாதி மார்பில் வழிந்தது, பாதி உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றின் உருளை கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் கயிறு தெரிந்தது. அப்புறம் எதிரில் குந்தியிருந்த தம்பியின் முகம். அவன் அழுதுகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பேசுகிற பேச்சு சரியாகிவிட்டது என்று நிச்சயமானதும் அவன் எழுந்தான். கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். ஈர வேஷ்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு உள்ளே போனான். திரை விலகும் மணியோசை கேட்டது. நான் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது எனக்கு எழுந்து நடக்க முடிந்தது. ஆனாலும் கூட்டிக்கொண்டு போய் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

மறுநாள் தம்பி புண்யாகவாசனம் செய்து கோவிலைச் சுத்தி செய்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“இனிமே பௌர்ணமிக்கு நீ வராதே அண்ணா. நான் ஒரு ஆளை வச்சுக்கறேன்.”

கற்பூரம் இன்னும் ஒரு சாண் கிட்டே, பட்டு வேஷ்டியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு நாளை விட்டுக் கொடுத்தால் மற்ற நாட்களும் ஒவ்வொன்றாகப் போகும் என்று எனக்குத் தோன்றியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மாதான் வந்து என்னை எழுப்பி உட்கார வைத்தார். என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதில் குத்திக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். ஊசியைக் காட்டினேன். இதில் குத்திக்கொண்டால் யாருக்குமே ரத்தம் பார்க்கப் பிடிக்காது என்றார். சந்தேகம் வந்தால் முதலில் சர்க்கரையைக் கொடுத்துவிட வேண்டும், ஏறியிருந்தாலும் அந்த ஒரு டம்ளரால் ஆபத்து வராது, இறங்கியிருந்தால் காத்திருப்பதுதான் ஆபத்து என்று தம்பியையும் உட்கார வைத்துச் சொன்னார். பிறகு, குத்தவே வேண்டாத ஒன்று இருக்கிறது, புஜத்தில் ஒட்டிக்கொண்டால் போனிலேயே அளவு தெரியும், பிரியப்பட்டால் போட்டுப் பாருங்கள் என்றார்.

போட்டுப் பார்த்தேன். வலியே இல்லை. ஆனால் நான் சட்டை போடுகிறவன் இல்லையே. எட்டணா அளவில் புஜத்தில் ஒட்டியிருந்த வெள்ளை வில்லையைக் கோவிலுக்கு வந்த ஒவ்வொருவரும் பார்த்தார்கள். ஒரு அம்மாள், எந்தக் கோவில் ரட்சை சாமி, எனக்கும் ஒண்ணு வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். அதைக்கூடச் சமாளித்திருப்பேன். எண்ணெயும் வேர்வையும் அபிஷேகத் தண்ணீரும் சேர்ந்து ஓரம் பிரிந்து, ஒருநாள் சந்தனம் அரைக்கும்போது கல்லின் மேலேயே கழன்று விழுந்தது. அடுத்த வில்லையின் மேல் ஒட்டுவதற்கு ஒரு பிளாஸ்திரி கொடுத்தார்கள். அதுவும் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரித்துத் தடித்தது. மறுபடி விரலுக்கே வந்தேன்.

செங்கம் ரோட்டில் இருக்கும் மருந்துக் கடைக்கு மனைவியோடு போனேன். கடைக்காரர் நாலைந்து கருவியை எடுத்துப் போட்டார். பேனா மாதிரி ஒன்று. ஊசி உள்ளே மறைந்திருக்கும். தலையைத் திருகினால் ஆழம் கூடும், குறையும்.

“ஊசி மெல்லிசு சாமி. வலி கம்மியா இருக்கும். ஒவ்வொரு வாட்டியும் புது ஊசி போடுங்க, பழசையே போட்டா முனை மழுங்கிடும், அதான் வலிக்கும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை என் கையில் கொடுக்கவில்லை. முதலில் தன் விரலில் பார்க்கிறேன் என்றாள். எந்த அளவில் வைத்தால் வலிக்காது, அதில் வருகிற ரத்தம் மீட்டருக்குப் போதுமா என்று தெரிய வேண்டுமாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்து, ஆழத்தை இரண்டாம் எண்ணில் வைத்து விரலின் பக்கவாட்டில் தட்டினாள். கிளிக் என்ற சத்தம் மட்டும்தான். “ஒண்ணுமே தெரியலையே” என்று சிரித்தபடி ரத்தத்தைப் பட்டையில் வைத்தாள்.

இருநூற்று எழுபது.

சிரிப்பு அப்படியே நின்றது. கையில் ஏதோ பட்டிருக்கும் என்றாள். நானே அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன். வேறு விரல். புது ஊசி. இருநூற்று அறுபத்தெட்டு. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷமாக என் மாத்திரை, என் சாப்பாடு, என் விரல் என்று பார்த்தவளுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள ஒருநாளும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். அன்றைக்குச் சோதனையாகக் குத்திக்கொண்டபோது சிரித்தவள், வியாதி என்று ஆனதும் ஊசியைப் பார்த்தாலே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். காலையில் காபி போடுகிற சாக்கில் நழுவிவிடுவாள். சண்டை போட்டோம். ஒருநாள் அவள் அழுதாள், ஒருநாள் நான் கத்தினேன். கடைசியில் கருவியை ஒன்றரையில் வைத்து, வெந்நீரில் கையை நனைக்கச் சொல்லி, அவள் பால்காரரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது அழுத்தினேன்.

“போட்டாச்சா?” என்றாள்.

போட்டாச்சு என்றேன். அன்றிலிருந்து அவளுக்கு நான்தான் குத்துகிறேன். எனக்கு நானே குத்திக்கொள்கிறேன். மூன்றில் வைத்தால்தான் என் தோலில் ரத்தம் வருகிறது. விபூதிக்கு வேண்டிய வலது கை விரல்களைத் தொடுவதே இல்லை. இடது கையில் நடுவிரல், சுண்டுவிரல், அதுவும் பக்கவாட்டில்.

இரண்டு பௌர்ணமிக்குத் தம்பி வெளியூரிலிருந்து ஒரு குருக்களை வரவழைத்துச் சமாளித்தான். நான் வீட்டிலேயே இருந்தேன். அந்த இரண்டு நாளும் எனக்கு நெருப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது பௌர்ணமிக்கு முந்தின நாள் நானே அவனிடம் போனேன். மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலை, அபிஷேகம் அவன் செய்வான், நான் மந்திரம் சொல்வேன், கற்பூரத் தட்டை அவன்தான் பிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வெளியே வந்து ரத்தம் பார்ப்பேன் என்றேன். அவன் ஒரு நிபந்தனை போட்டான். ரத்தம் பார்த்தால் கையைக் கழுவினால் போதாது, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றான். ஒவ்வொரு தடவையுமா என்றேன். ஒவ்வொரு தடவையும் என்றான். சரி என்றேன்.

பௌர்ணமி அன்று போனபோது கிணற்றடியில் புதிதாக ஒரு குழாயும், அதன் பக்கத்தில் சோப்புப் பெட்டியும், இரண்டு மாற்று வேஷ்டி தொங்கும் கொடியும் இருந்தன. எல்லாம் தம்பியின் ஏற்பாடு. சாயங்காலம் நான் ரத்தம் பார்க்கப் போனபோது அவன் பக்க வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். உள்ளே ஜனம் நெருக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு என்று கேட்டான். நூற்று அறுபது என்றேன்.

“மன்னிக்கு எவ்ளோ இருந்தது கார்த்தால?”

நூற்றெண்பது, குறைந்துகொண்டு வருகிறது என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். நான் குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தேன். வெயிலில் கொதித்திருந்த தண்ணீர் முதலில் சுட்டது, பிறகு ஜில்லென்று வந்தது.